அரை இட்லி

மேல் வீட்டு அக்கா. அவர் கணவர். கீழ் வீட்டு சர்தார் அம்மா. என் மனைவி. பன்னிரண்டாவது படிக்கிற மகள். ஆறு வயது மகன். நான். மேல் வீட்டுக் கொலுவுக்கு அன்று சாயங்காலம் இருந்தது இத்தனை பேர்தான்.

நான் அரசாங்க வண்டி ஓட்டுகிறவன். வடக்கே மோதி பாக் குவார்ட்டர்ஸில் வீடு. படிப்பு ஐந்தாவது வரை. அமினோ அமிலம் என்ற பேரே மகன் பிறந்த பிறகுதான் தெரியும்.

பருப்பிலும் பாலிலும் கறியிலும் இருக்கிற புரதம் வயிற்றில் உடைந்தால் அமினோ அமிலங்கள். இருபது வகை. அதில் ஃபினைல்அலனின் என்று ஒன்று. அதை மாற்றுகிற வேலை என் மகன் உடம்பில் நடப்பதில்லை. ரத்தத்தில் ஏறினால் மூளை கெடும். ஒரேயடியாக நிறுத்தவும் முடியாது. உடம்பு தானாகச் செய்துகொள்ளாத வகை அது. கொஞ்சம் சாப்பிட்டே ஆகணும். பிறந்த கையோடு கண்டுபிடித்துவிட்டார்கள். அதனால் பையன் நன்றாக இருக்கிறான். நன்றாகவே வாயாடுகிறான்.

மகள் ஒருநாள் சமையலறைத் தரையில் கோலமாவால் வரைந்து காட்டினாள். நடுவில் புள்ளி, அது கார்பன். ஒரு கை அமினோ. ஒரு கை அமிலம். ஒரு கை ஹைட்ரஜன்.

"கிட்டத்தட்ட எல்லாத்துக்கும் இது ஒண்ணுதான்ப்பா. நாலாவது கைதான் ஆளுக்கு ஆள் வேற. சிலது தண்ணியோட ஒட்டும், சிலது ஒட்டாது. சிலதுக்கு அந்தக் கையும் அமிலம், சிலதுக்குக் காரம். இவனுக்கு ஆகாத ஆள் இதோ."

நாலாவது கையில் ஆறு மூலை வளையம் போட்டாள். பையன் அதைக் காலால் அழித்தான். "போடா," என்றான்.

அந்த ஒன்றை விட்டுவிட்டு மற்றதெல்லாம் கலந்த மாவு டப்பாவில் வருகிறது. அவனுக்குப் பாலும் பருப்பும் அதுதான். கரைத்துக் குடிக்கணும். புளிக்கும். நாறும். ஒருதரம் புளிப்பை அடக்க என் மனைவி ஆப்ப சோடா போட்டாள். பொங்கி மேடையெல்லாம் வழிந்தது. மிச்சத்தை வாயில் வைத்துப் பார்த்தாள். புளிப்பு அப்படியே இருந்தது.

மகள் சிரித்தாள். "அமிலம் வந்தாலும் தாங்கும், காரம் வந்தாலும் தாங்கும்மா அது. ஒரு சிட்டிகைக்கெல்லாம் மசியாது."

"உங்கப்பா மாதிரி," என்றாள் மனைவி.

நான் மேடையைத் துடைத்தேன்.

அடுத்த ரத்தச் சோதனையில் அந்த ஃபினைல்அலனின் அளவு ஆறுக்குள் இருந்தால் காலையில் அரை இட்லி தரலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். உளுந்து இருப்பதால் அவன் இட்லி தின்றதே இல்லை. தன் அக்காள் தட்டைப் பார்த்துக்கொண்டே ஜவ்வரிசிக் கஞ்சி குடிப்பான். கொலுவுக்கு மறுநாள்தான் ரத்தம் எடுக்கணும்.

சுண்டல் அவனுக்கு ஆகாது என்று மேல் வீட்டு அக்காவுக்குத் தெரியும். தேங்காய்ப்பாலில் ஜவ்வரிசிப் பாயசம் தனியாக வைத்திருந்தார். என் மனைவி சொன்ன பக்குவம்தான். ஒரு டம்ளர் குடித்தான்.

"ஆன்ட்டி, அவுர் தோ," என்று காலி டம்ளரை மறுபடி நீட்டினான்.

"எவ்வளவு வேணும்னாலும் குடிடா கண்ணா. சர்க்கரையே போடலை. மாமாவோட மாத்திரைதான்."

மகள் எழுந்துவிட்டாள். "எந்த மாத்திரை ஆன்ட்டி?"

அவர் கணவருக்குச் சர்க்கரை. டீயில் போடுகிற இனிப்பு மாத்திரை. எங்கள் ஆட்களுக்குப் பத்தியம் என்றாலே சர்க்கரையை விடுவதுதான். மகள் டப்பாவை வாங்கிப் படித்தாள்.

"அப்பா, இது ரெண்டு அமினோ அமிலத்தை ஒட்டிப் பண்ணினது. அதுல ஒண்ணு அந்த வளையம்."

"ஐயோ, பிள்ளைக்கு விஷத்தையா குடுத்தேன்?" அக்கா உட்கார்ந்துவிட்டார்.

"நான் தினமும் குடிக்கிறேன், மூளைக்கு ஒண்ணும் ஆகலையே," என்றார் கணவர்.

"நீங்க சும்மா இருங்க. இருந்தாத்தானே ஆகறதுக்கு."

"க்யா ஹுவா?" என்ன ஆச்சு என்று புரியாமல் கேட்டார் சர்தார் அம்மா.

ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு அளவு சொல்கிற அம்மாவுக்குப் போன் போட்டேன். ஒரு டம்ளரில் பெரிதாக ஏறாது, ஆனாலும் அதையும் கணக்கில் சேர்க்கணும், ராத்திரிச் சோற்றை விட்டுவிடுங்கள், டப்பா மாவு மட்டும் தப்பக்கூடாது என்றார். அப்படியே செய்தோம்.

"இட்லி போச்சாப்பா?"

"தெரியாதுடா."

காலையில் அக்காவும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. ஊசி குத்தும்போது பையன் அவர் கையைத்தான் பிடித்துக்கொண்டான். அழவில்லை. கண்ணைத் துடைத்தது அக்காதான்.

ரிசல்ட் போனில் வரும் என்றார்கள். வருவதற்கு முதல் நாளே என் மனைவி இட்லிக்கு மாவு ஆட்டி வைத்துவிட்டாள். நமக்குத்தான் என்றாள்.

மறுநாள் காலை அடுப்பில் இட்லிப் பானை. அக்கா வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை. போனில் மெசேஜ் வந்தது. மகள் எடுத்துப் படித்தாள்.

நாலு புள்ளி ஒன்று.