வாப்பா பேசிய ஊமைப்படம்

பெரியபட்டினத்தில் எங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இன்னும் ஒரு வீடியோ கேசட் இருக்கிறது. அதன் அட்டையில் ஒரு மனிதன் தலைகீழாக விழுந்துகொண்டிருப்பான். அவன் கையிலிருந்த பெட்டி திறந்து, துணிமணிகள் எல்லாம் காற்றில் பறக்கும். முகத்தில் மட்டும் பஸ்ஸுக்குக் காத்து நிற்பவனின் நிதானம். உள்ளே நாடா பூசணம் பிடித்துப்போயிற்று. அதைப் போட்டுப் பார்க்கும் டெக் எப்போதோ பழைய சாமான்காரனிடம் போய்விட்டது. ஒவ்வொரு நோன்புக்கு முன்பும் வீட்டை ஒழிக்கும்போது உம்மா அதைத் தூக்கிக் குப்பையோடு போடுவாள். வாப்பா அதை எடுத்துத் துடைத்துப் பழைய இடத்திலேயே வைப்பார்.

அந்தக் கேசட்டைப் பற்றி எழுத இப்போது ஒரு காரணம் வாய்த்திருக்கிறது. வலைப்பூ எழுதுகிறவர்கள் எல்லாரும் வேறு வேறு பக்கம் போய்விட்ட பிறகும் கடையைச் சாத்தாமல் உட்கார்ந்திருக்கும் சிலர் இருக்கிறோம். அந்தச் சிறு கூட்டத்தில் இந்த வாரம் எல்லாரும் ஒரே ஆளைப் பற்றி எழுத வேண்டும் என்று ஏற்பாடு. அவர் ஊமைப்படக் காலத்துச் சிரிப்பு நடிகர். பெரிய பெயர் எடுத்தவர் இல்லை, அதனாலேயே நாம் கொண்டாட வேண்டும் என்று எங்கள் அமைப்பாளர் சொல்லிவிட்டார். நண்பர்கள் வரிசையாகப் பதிவு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். எலும்பு முறியாமல் அவர் எப்படி விழுகிறார் என்று ஒருவர் ஆராய்ந்திருக்கிறார். அவருடைய தொளதொளத்த கால்சட்டையைப் பற்றி மட்டுமே ஒருவர் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். ராமநாதபுரத்தில் ரத்தம் எடுத்துச் சோதிக்கும் வேலையில் இருக்கும் எனக்குச் சினிமாவைப் பற்றி அவ்வளவெல்லாம் தெரியாது. ஆனால் அவர்கள் யாருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அந்த நடிகர் ஒரே ஒரு முறை தமிழில் பேசியிருக்கிறார். அதுவும் எங்கள் ஊர்த் தமிழில்.

வாப்பா சபர் போனவர். கடல் தாண்டிப் பிழைக்கப் போவதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். அங்கே வண்டி ஓட்டினார். நான் பிறந்து பல் முளைப்பதற்குள் போனவர், நான் பள்ளிக்கூடம் சேர்ந்த பிறகுதான் லீவில் வந்தார். ஊரில் பாதி வீடுகளில் அதுதான் கதை என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடிதம் எழுத வாப்பாவுக்குப் பொறுமை கிடையாது. பேசிப் பதிவு செய்த ஆடியோ கேசட்டுகளை ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்து அனுப்புவார். அதைக் கேட்பதற்கென்றே ஒரு டேப்ரிக்கார்டர், அதற்கு உம்மா பின்னிய பூப்போட்ட உறை. புதுக் கேசட் வந்தால் உம்மா என்னை மடியில் உட்கார வைத்துக்கொண்டு பட்டனை அமுக்குவாள். ஸலாம் சொல்லி, ஊர் நிலவரம் விசாரித்து, தன்னோடு தங்கியிருப்பவர்களைக் கேலி செய்து, பாட்டுப் பாடி, வாப்பா அதில் அமர்க்களப்படுத்துவார். கடைசியில் என் முறை வரும்.

“என் தங்கம் சாப்ட்டுச்சா?” என்று அந்தக் குரல் கேட்கும். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் நாடா சும்மா ஓடும். நான் பதில் சொல்வதற்காக வாப்பா விட்டு வைத்த இடம் அது. “சாப்ட்டேன் வாப்பா” என்று நான் உறைக்குப் பக்கத்தில் வாயை வைத்துக் கத்துவேன். “மாஷா அல்லா, நல்ல புள்ள” என்று குரல் சொல்லும். ஒரு நாள் எனக்குக் காய்ச்சல், ஒன்றும் இறங்கவில்லை. “சாப்புடல வாப்பா” என்றேன். அதற்கும் “மாஷா அல்லா, நல்ல புள்ள” என்றே பதில் வந்தது. எனக்கு அது தப்பாகவே தோன்றவில்லை. வாப்பா என்றால் அந்தப் பெட்டிக்குள் இருப்பவர், அவர் அப்படித்தான் பேசுவார் என்று இருந்தேன்.

அதனால் லீவில் ஒருவர் வந்து இறங்கியபோது எனக்கு அவர் யாரோ. கறுத்து மெலிந்து, வழுக்கை விழத் தொடங்கிய ஆள். கேசட்டில் அத்தனை அமர்க்களம் செய்தவருக்கு நேரில் நாக்கு எழவில்லை. வீடு நிறைய உறவுக்காரர்கள் உட்கார்ந்திருக்க, அவர் எல்லாரையும் பார்த்துத் தலையாட்டிக்கொண்டு ஓரமாக இருந்தார். பேசினாலும் அடிக்குரலில் இரண்டு வார்த்தை. பெட்டியைப் பிரித்ததும் ஒரு பொம்மையை எடுத்து நீட்டி, “இங்கன வாம்மா” என்றார். நான் உம்மாவின் முந்தானைக்குள் புகுந்துகொண்டு, “இவுக யாரும்மா? வாப்பா பொட்டிக்குள்ளல்ல இருக்காக” என்று டேப்ரிக்கார்டரைக் காட்டினேனாம். வீடே சிரித்தது. அவரும் சிரித்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போனவர், பொழுது சாய்ந்து மஃரிபு பாங்கு சொன்ன பிறகுதான் திரும்பினார் என்று உம்மா பின்னாளில் எனக்குச் சொன்னாள்.

லீவு கரைந்துகொண்டே வந்தது. ஏர்வாடிக்குக் கூட்டிப் போய் வளையல் வாங்கிக் கொடுத்தார். வளையலை வாங்கிக்கொண்டு உம்மா பக்கம் ஓடிவிட்டேன். மிட்டாயைத் திண்டில் வைத்துவிட்டு அவர் நகர்ந்த பிறகுதான் எடுப்பேன். அவரை நான் எதுவுமே சொல்லிக் கூப்பிடுவதில்லை. சோறு ஆகிவிட்டது என்று சொல்லிவரச் சொன்னால், எதிரே போய் நின்று சுவரைப் பார்த்து, “சோறு ஆச்சு” என்பேன். அடுத்த லீவு எப்போது கிடைக்கும் என்று அவருக்கே தெரியாது. புள்ள வாயால் ஒரு தடவை வாப்பா என்று கேட்காமலே விமானம் ஏறிவிடுவோமோ என்ற கவலை அவரைத் தின்றுகொண்டிருந்தது. உம்மாவிடம் கூட அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் சோற்றைப் பிசைந்தபடியே இருப்பார், சாப்பிட மாட்டார்.

அவர் புறப்பட வேண்டிய வாரம். அந்தத் தடவை கொண்டுவந்திருந்த டிவியையும் டெக்கையும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து சாப்பாடு ஆன பிறகு முன்கூடத்தில் வைத்தார்கள். ஜன்னல்களில் பாயைத் தொங்கவிட்டு இருட்டாக்கியாயிற்று. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள், பெண்கள், வாப்பாவின் அக்காவான எங்கள் மாமி என்று உட்கார இடமில்லை. எனக்கென்று கடையில் தேடி வாங்கிவந்த கேசட்டை வாப்பா உள்ளே தள்ளினார். பாஷையே வேண்டாம், எந்த நாட்டுப் பிள்ளையும் சிரிக்கும் என்று சொல்லித்தான் கடைக்காரர் விற்றிருக்கிறார். அட்டைப் படத்தைப் பார்த்துவிட்டு வாப்பாவும் அதை நம்பினார். படம் ஓடியது. கறுப்பு வெள்ளையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒருவன் ஓடினான். சத்தம் வரவில்லை.

டெக் பழுதாகிவிட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். ஒருவர் டிவியின் தலையில் தட்டினார், இன்னொருவர் ஒயரை ஆட்டினார். டெக்கின் ஹெட்டில் தூசி இருக்கும் என்று யாரோ சொல்ல, துடைக்க ஸ்பிரிட் இல்லாததால் வாப்பா தான் கொண்டுவந்த செண்டைப் பஞ்சில் நனைத்துத் துடைத்தார். கூடம் முழுக்க மணத்ததே தவிரச் சத்தம் வந்தபாடில்லை. திரையில் அவன் வாயைத் திறந்து திறந்து மூடினான். கடைசியில் மாமிதான் விஷயத்தைக் கண்டுபிடித்தாள். “ஏன் தம்பி, ஊமப் படத்தையா கடல் தாண்டிச் சொமந்துக்கிட்டு வந்த?” என்றாள். கூடத்தில் சிரிப்பு கிளம்பியது. பிள்ளைகள் எழுந்து வெளியே ஓடப் பார்த்தார்கள். வாப்பா செண்டுப் பஞ்சோடு ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தார். நான் திரைக்கு வெகு பக்கத்தில், அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன்.

திரையில் ஒரு ரயில் புறப்பட்டது. அவன் பெட்டியோடு பின்னால் ஓடினான். அப்போது இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல், “அண்ணே, நிப்பாட்டுங்கண்ணே! பெரியபட்டினம் போகணும், புள்ள காத்துக் கெடக்கு!” என்று கத்தியது.

வெளியே போனவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். “பெரியபட்டினத்துக்கு ஏதுடா ரயிலு?” என்று மாமி கேட்டாள். “ராம்நாட்டுல எறங்கி பஸ்ஸு புடிச்சிக்கிர்றேன்” என்றான் திரையில் இருந்தவன். அப்புறம் சிரிப்பை நிறுத்த முடியவில்லை. பெட்டி திறந்து துணியெல்லாம் தண்டவாளத்தில் சிதறியது. “போச்சே, மாமிக்கு வாங்குன சேல போச்சே” என்று அவன் புலம்பினான். தடித்த போலீஸ்காரர் ஒருவர் பிடித்து உலுக்கினார். “சார், எல்லாத்துக்கும் ரசீது இருக்கு சார்” என்று கெஞ்சினான். எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், ஒன்றும் புரியாத திகைப்பு ஒரு பக்கம். இந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரல். பெட்டிக்குள் இருக்கும் குரல்.

அவன் களைத்துப்போய்ப் பெட்டியின் மேல் உட்கார்ந்து சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தான். யாருக்கோ கையசைக்கத் திரும்பிய நேரத்தில் ஒரு ஆடு வந்து பொட்டலத்தைக் காகிதத்தோடு தின்றுவிட்டது. அவன் வெறுங்கையைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து நேராக எங்களைப் பார்த்தான். அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. குரல் சட்டென்று தணிந்தது. “நமக்கு இன்னக்கி இல்ல. என் தங்கம் சாப்ட்டுச்சா?”

கேட்டுவிட்டு அது நின்றது. நாடா சும்மா ஓடும் அந்தக் கொஞ்ச நேரம். பழகிய வாய் தானாகத் திறந்தது. “சாப்ட்டேன் வாப்பா” என்று டிவியைப் பார்த்து நான் கத்தினேன். மாஷா அல்லா, நல்ல புள்ள என்று வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. “என்னம்மா சாப்ட்ட?” என்று குரல் கேட்டது. டேப்ரிக்கார்டர் எந்த நாளும் அப்படிக் கேட்டதில்லை. நான் அலமாரியைப் பார்த்தேன், டேப்ரிக்கார்டர் உறை போட்டபடி சும்மா இருந்தது. திரும்பினேன். ஜன்னலோரம் அந்தக் கறுத்த மனிதர் வாயைப் பாதி திறந்தபடி, பஞ்சைக் கசக்கிக்கொண்டு, எனக்காகக் காத்து நின்றார். “கறி ஆணமும் சோறும்” என்று அவரிடம் சொன்னேன். உம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள். மிச்சப் படத்தை அவர் மடியில் உட்கார்ந்து பார்த்தேன். பேசும்போது அவர் நெஞ்சு அதிர்ந்தது என் முதுகில் தெரிந்தது. அந்தச் சந்தோஷத்துக்கு இணையாக இன்னொன்றை என்னால் இன்றுவரை சொல்ல முடியவில்லை.

இந்த வாரத்துக்காகப் படத்தை இணையத்தில் தேடி எடுத்தேன். சுத்தம் செய்து, பியானோ இசையெல்லாம் சேர்த்து யாரோ ஏற்றியிருக்கிறார்கள். நடுநடுவே ஆங்கில எழுத்து வருகிறது. அதைப் படித்த பிறகுதான் தெரிந்தது, அவன் பிள்ளையைப் பார்க்கவெல்லாம் ஓடவில்லை. கல்யாணத்துக்குப் பயந்து, மாமனார் வீட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். அவனைப் பிடித்து உலுக்கும் அந்தப் போலீஸ்காரர் மணப்பெண்ணின் அண்ணன். நேற்று வெள்ளிக்கிழமை, பெரியபட்டினம் பஸ்ஸைப் பிடித்து, மடிக்கணினியும் கையுமாக வீட்டுக்குப் போனேன். வாப்பா ஊரோடு வந்து சேர்ந்து வருஷக்கணக்காகிறது. பள்ளிவாசல், கடற்கரை, வீடு. பேச்சு முன்னைக்கும் குறைவு. “சாப்புட்டுட்டுப் பாக்கலாம்ல?” என்று உம்மா கேட்டாள். முதலில் படம் என்று அடம்பிடித்து இரண்டு பேரையும் உட்கார வைத்தேன்.

எழுத்து வரும்போதெல்லாம் நான் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். உம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “ஏங்க, கல்யாணத்துக்குப் பயந்து ஓடுறானாம்ல. புள்ளயப் பாக்க ஓடுறான்னுல்ல அன்னக்கிச் சொன்னீக?” என்றாள். வாப்பா கொஞ்சமும் அசரவில்லை. “இங்கிலீசுல தப்பா எழுதியிருக்கான்” என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, “அந்தச் சத்தத்த நிப்பாட்டும்மா” என்றார். பியானோவை நிறுத்தினேன். ரயில் புறப்பட்டது. குரல் கம்மிப்போயிருந்தது, நடுவில் இருமல் வேறு. ஆனால் அதே அண்ணே, அதே ராம்நாட்டு பஸ். மவுத்தாகி மண்ணுக்குள் போய்விட்ட மாமியின் சேலை கூடத் தண்டவாளத்தில் மறுபடி சிதறியது. உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

எங்கள் நண்பர்கள் அந்த நடிகரின் விழுதலைப் புகழ்கிறார்கள். எனக்கு அவர் விழுந்த பிறகு நம்மைப் பார்க்கும் பார்வைதான் பெரிதாகப் படுகிறது. அந்த முகத்தில் அவர் எதையும் எழுதி வைப்பதில்லை. நமக்கு இடம் விட்டுவிட்டுச் சும்மா இருக்கிறார். ஆடு பொட்டலத்தைத் தின்றது. அவர் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்.

“என் தங்கம் சாப்ட்டுச்சா?” என்று கேட்டுவிட்டு வாப்பா நிறுத்தினார். அடுத்த வரியை மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று ஒரு கணம் நினைத்தேன். அவர் திரையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னும் இல்ல வாப்பா” என்றேன்.

“என்னது, இம்புட்டு நேரமாவா?” வாப்பா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தேவிட்டார். “ஏய், புள்ளைக்கிச் சோத்தப் போடு மொதல்ல. படம் எங்க போயிறப் போகுது?” என்று உம்மாவை விரட்டினார். கண்ணாடி அலமாரிக்குக் கீழே பாய் விரித்து மூவரும் உட்கார்ந்தோம். மேலே அந்தக் கேசட்டின் அட்டையில் அவன் இன்னும் தரைக்கு வந்து சேரவில்லை. வாப்பா மீனைப் பிய்த்து, முள்ளை ஒதுக்கி ஒதுக்கி என் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார். மடிக்கணினியில் படம் ஓடிக்கொண்டேயிருந்தது. பேசிவிட ஆளில்லாமல், அவன் பாட்டுக்கு வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான்.