விசுவாசப் பிரமாணத்தின் முதல் வரி

இரண்டு வருடமாக நான் அந்த முதல் வரிக்கு வாயைத் திறக்காமல் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பிரசங்கம் முடிந்ததும் எல்லோரும் எழும்பி நின்று விசுவாசப் பிரமாணம் சொல்லுவோம். வானத்தையும் பூமியையும் படைத்த கடவுளை விசுவசிக்கிறேன் என்றுதான் அது தொடங்கும். அந்த வரி முடியும்வரை குனிந்து என் காலைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பிறகு யேசு பாடுபட்டார், சிலுவையில் அறையப்பட்டார், மரித்தார், அடக்கம் செய்யப்பட்டார் என்று வருகிற இடத்தில் மற்றவர்களோடு சேர்ந்துகொள்வேன். ஒரு மனிதனை அடித்துக் கொன்று புதைத்தார்கள் என்பதை நம்புவதற்கு எனக்கு ஒருவருடைய உதவியும் வேண்டியதில்லை. அறுபத்தெட்டு வருடம் யாழ்ப்பாணத்தில் இருந்தவனுக்கு அது பெரிய காரியமா? அதற்குப் பின்னால் வருவதெல்லாம் வாய்ப்பழக்கத்தில் தானாக ஓடிவிடும்.

கோயிலில் ஒருவரும் கவனிக்கவில்லை. ஒரே ஒரு ஆள் கவனித்திருக்கிறாள். பெண்கள் பக்கத்தில் மூன்றாவது வாங்கில் இருக்கும் என் மனைவி.

நான் ஓவசியராக இருந்து ஓய்வு பெற்றவன். மதகு, பள்ளிக்கூடக் கட்டடம், தண்ணீர்த் தாங்கி என்று வெயிலில் நின்று மேசன்மாரோடு கத்திக் கத்தி வளர்த்த குரல் எனக்கு. அந்தக் குரலால் வந்த வினைதான் எல்லாம். அரியாலையில் எங்கள் கோயிலைச் சேர்ந்த வீடுகளில் யாருக்காவது கடைசி மூச்சு இழுத்துக்கொண்டிருந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். சுவாமியார் வந்து எண்ணெய் பூசிவிட்டுப் போய்விடுவார். அவருக்குப் பார்க்க வேறு கோயில்களும் உண்டு. அதற்குப் பிறகு கட்டிலடியில் நிற்க ஓர் ஆள் வேண்டும். நாக்கு விழுந்துவிட்டால் சாகிறவரால் விசுவாசப் பிரமாணம் சொல்ல முடியாது. ஆகவே வேறொருவர் குனிந்து, அவருடைய வலது காதுக்குள், அவருக்காக அதைச் சொல்லவேண்டும். மூன்று தரம். காதுதான் கடைசியாகப் போகும் என்று எங்கள் ஆட்கள் சொல்லுவார்கள். எத்தனை காதுகளுக்குள் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. சொல்லிவிட்டு வந்து குளித்துச் சாப்பிட்டுப் படுத்துவிடுவேன். அவ்வளவு நிச்சயம் அப்போது.

என்னுடைய நம்பிக்கை எப்படிப் போனது என்று கேட்டால் எல்லோரும் சண்டைக் காலத்தைத்தான் நினைப்பார்கள். அது பிழை. ஷெல் விழுந்த நாட்களில் பங்கருக்குள் இருந்துகொண்டு நான் நம்பிய நம்பிக்கையைப் போல அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. சண்டை முடிந்து, வீடு திருத்தி, மகளைக் கனடாவில் கட்டிக்கொடுத்து, முற்றத்தில் செவ்விளநீர் காய்க்கத் தொடங்கிய பிறகுதான் அது போனது. கடலேரிப் பக்கம் ஒரு மீன்பிடிக்காரருடைய வீடு. பகல் பதினொரு மணி. வழக்கம்போலக் குனிந்து முதல் வரியைச் சொன்னேன். ஆள் இல்லாத வீட்டு வாசற் படலையில் நின்று "வீட்டுக்காரர்" என்று கூப்பிடுகிறவனுக்குக் கொஞ்ச நேரத்தில் விளங்கிவிடும் அல்லவா, உள்ளே ஒருவரும் இல்லை என்று? அப்படித்தான் இருந்தது. இரண்டாம் தரம் சொன்னேன், மூன்றாம் தரமும் சொன்னேன். உள்ளே ஒருவரும் இல்லை. அந்த மனிதனுடைய மனைவி என் கையைப் பிடித்துக் கும்பிட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அதற்குப் பிறகு யார் கூப்பிட்டாலும் தொண்டை சரியில்லை என்று சொல்லித் தப்பிக்கொண்டேன்.

அப்படியே இருந்து செத்திருப்பேன். நம்பிக்கை இல்லாமலும் சோறு இறங்கும், நித்திரை வரும். ஆனால் போன வருடம் மாரி தொடங்குகிற நேரத்தில் என் மனைவிக்கு வயிற்றில் நோவு என்று சொல்லிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஸ்கான் எடுத்தார்கள். புற்று ஈரலில் பரவிவிட்டது என்று டாக்குத்தர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். நல்ல மனிதர், சின்னப் பெடியன்தான், சொல்லும்போது தன் பேனையைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். வீட்டில் வைத்துப் பாருங்கோ என்றார். அதன் அர்த்தம் எல்லோருக்கும் தெரியும்.

அன்றுதான் எனக்கு விளங்கியது, நான் எதைத் தொலைத்தேன் என்று. ஆஸ்பத்திரி வாசலில் நின்று யாரிடமாவது கெஞ்சவேண்டும் போலிருந்தது. கெஞ்சுவதற்கு ஆள் இல்லை. கோபத்தில் திட்டுவதற்குக்கூட ஆள் இல்லை. நம்புகிறவன் தன் கடவுளோடு சண்டையாவது பிடிக்கலாம். நான் ஓட்டோவைப் பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

பக்கத்துக் காணியில் புத்தூரிலிருந்து வந்து குடியிருக்கும் தோட்டக்காரர் ஒருவர், சைவ ஆள், வேலியடியில் நின்று கூப்பிட்டார்.

"அண்ணை, அக்கான்ரை பேரிலை கோயிலிலை ஒரு அர்ச்சனை செய்தனான். நீங்கள் வேதக்காரர், கோவிக்காதேங்கோ."

"நான் ஏன் கோவிக்கிறன்? செய்யுங்கோ."

"உங்கடை ஆளிட்டை நீங்கள் கேளுங்கோ, எங்கடை ஆளிட்டை நாங்கள் கேக்கிறம்."

நல்ல மனத்தோடுதான் சொன்னார். எனக்கோ அவர்மேல் பொறாமை பொத்துக்கொண்டு வந்தது. அவருக்கு ஓர் ஆள் இருக்கிறார். நடந்து போய், தேங்காய் உடைத்து, பேரும் நட்சத்திரமும் சொல்லிக் கேட்கலாம்.

ஒரு பின்னேரம் அவளுக்குத் தேத்தண்ணி ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு மிடறு குடித்துவிட்டுக் கோப்பையைத் தள்ளினாள்.

"இஞ்சேருங்கோ, ஒண்டு கேக்கட்டே?"

"கேளும்."

"கோயிலிலை முதல் வரிக்கு ஏன் வாயை மூடுறனீங்கள்? ரண்டு வரியமாப் பாக்கிறன்."

கோப்பையைக் கழுவவேண்டும் என்று எழும்பினேன். அவள் விடவில்லை.

"இருங்கோ. எனக்குக் கோவம் இல்லை. பயம்தான்."

"என்ன பயம்?"

"என்ரை காதுக்கை நீங்கள்தான் சொல்லுவியள் எண்டு நினைச்சிருந்தன். கலியாணம் கட்டின காலத்திலையிருந்து. ஊரெல்லாம் போய்ச் சொல்லுறார், எனக்கும் இவர்தானே சொல்லப்போறார், எனக்கென்ன குறை எண்டு." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "இப்ப நீங்கள் என்னத்தைச் சொல்லப்போறியள்?"

நான் உடனே, சொல்லுவேன், அதற்கென்ன, உமக்காக எதையும் சொல்லுவேன் என்றேன். அவள் முகம் இறுகியது. நாற்பது வருடத்தில் அந்த முகத்தை நான் நாலைந்து தரம்தான் பார்த்திருக்கிறேன்.

"பொய் சொல்லக்கூடாது. வேறை எங்கை எண்டாலும் சொல்லுங்கோ. என்ரை காதுக்கை பொய் வேண்டாம்."

இதுதான் அவள் எனக்கு வைத்த முடிச்சு. அவள் போகும்போது என் குரல்தான் வேண்டும். அந்தக் குரலில் பொய் இருக்கக்கூடாது. இரண்டும் சேர்ந்து நடக்கவேண்டும் என்றால் நான் நம்பவேண்டும். அவளுக்கோ நாட்கள்தான் மிச்சம்.

முயற்சி செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அடுத்த நாள் மத்தியானம், கோயிலில் ஒருவரும் இல்லாத நேரத்தில் போய் முழங்காலில் நின்றேன். எனக்கு முழங்கால் வருத்தம். நின்றேன். முதல் வரியைச் சத்தமாகச் சொன்னேன். முகட்டில் புறாக்கள் சிறகடித்தன, அவ்வளவுதான். திரும்பவும் சொன்னேன். கடைசியில் செபத்தை விட்டுவிட்டு, நீர் இருந்தால் ஒரு சத்தம் காட்டும், ஒரு சின்னச் சத்தம், எனக்காக அல்ல, அவளுக்காக என்று கத்தினேன். வேலைத்தலத்தில் கத்துகிற கத்தல். சுவாமியார் பயந்துபோய், தான் தங்கும் அறைவீட்டுக் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தார்.

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இளம் குரு, பொறுமையாகக் கேட்டார்.

"விசுவாசம் கடவுள் தாற கொடை ஐயா. அவரிட்டைக் கேளுங்கோ."

"தாறவர் இருக்கிறார் எண்டு நம்பினால்தானே ஃபாதர் கேக்கலாம்? அந்த நம்பிக்கையைத்தானே கேக்க வந்திருக்கிறன்."

அவரைக் குறை சொல்ல மாட்டேன். என் வாய் அப்படி. படித்து வந்த பிள்ளையை மடக்கிவிட்டோம் என்று ஒரு கணம் திருப்தியும் வந்தது. வீட்டுக்கு வரும் வழியில் சைக்கிளை நிறுத்தி, மதிலில் கையை ஊன்றிக்கொண்டு அழுதேன். வாதத்தில் வென்று என்ன செய்வது? அவள் கட்டிலில் கிடக்கிறாள்.

வழி கண்டுபிடித்தவள் அவள்தான். நான் கோயிலில் கத்திய கதை எனக்கு முந்தியே வீட்டுக்கு வந்துவிட்டது. அரியாலையில் அது அதிசயம் இல்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"கடவுளையும் மேசனெண்டு நினைச்சிட்டியளே," என்றாள். பிறகு, "சரி. முதல் வரியை நான் சொல்லுறன். நீங்கள் உங்களுக்கு ஏலுமான இடத்திலையிருந்து சொல்லுங்கோ. அத்திவாரத்தை நான் போடுறன், மிச்சத்தை நீங்கள் கட்டுங்கோ."

"அத்திவாரம் ஒருத்தர், சுவர் ஒருத்தர் எண்டு ஒரு கட்டடம் நிக்குமே?"

"உங்களுக்குத்தான் தெரியும், ஓவசியர். எனக்கு வேறை வழி தெரியேல்லை."

எனக்கும் தெரியவில்லை. ஒவ்வொரு நாளும் பின்னேரம் நாலு மணிக்குத் தேத்தண்ணிக்குப் பிறகு அதைச் சொன்னோம். அவள் கண்ணை மூடிக்கொண்டு, வானத்தையும் பூமியையும் என்று தொடங்கி, விசுவசிக்கிறேன் என்று முடித்துவிட்டு என்னைப் பார்ப்பாள். நான், யேசு பாடுபட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொண்டு போவேன். அவள் அந்த வரியைச் சொல்லும்போது எனக்குக் கோபம் கோபமாக வரும். உம்மை இந்தக் கோலத்தில் போட்டுவைத்திருக்கிறவரையா விசுவசிக்கிறீர் என்று கேட்க நாக்கு நுனிவரை வரும். கேட்கவில்லை. அவளிடம் இருந்ததை நான் எப்படி உடைப்பது? உள்ளதைச் சொன்னால், அவள் அதைச் சொல்லுகிற அந்தக் கொஞ்ச நேரம் மட்டும், படலைக்கு உள்ளே யாரோ நடமாடுவது போல எனக்கும் இருக்கும். அவள் வாயை மூடினால் அதுவும் போய்விடும்.

நாளாக நாளாக அந்த ஒரு வரிக்கு எடுக்கும் நேரம் நீண்டுகொண்டு போனது. வானத்தையும் என்றதற்கும் பூமியையும் என்றதற்கும் இடையில் நான் விசிறியால் பத்துத் தரம் வீசிவிடுவேன். மகள் கனடாவிலிருந்து போனில் அழுதாள், பிளேன் ரிக்கற் போட்டுவிட்டேன், நான் வரும்வரைக்கும் அம்மாவுக்குச் செபம் சொல்லுங்கோ என்றாள். சொல்லுகிறேன் என்றேன்.

மகள் வருவதற்கு இரண்டு நாள் முந்தி, காலை ஒன்பது மணி இருக்கும், அவளுடைய மூச்சு மாறியது. அந்த மூச்சை நான் எத்தனையோ வீடுகளில் கேட்டிருக்கிறேன். சுவாமியார் முதல் நாளே எண்ணெய் பூசிவிட்டார். தோட்டக்காரருடைய மனைவி ஓடிவந்து கால்மாட்டில் நின்றாள். என் மனைவியின் கண் திறந்திருந்தது, என் வாயையே பார்த்தது. நான் அவளுடைய முதல் வரிக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். உதடு அசைந்தது. சத்தம் இல்லை. நாக்கு விழுந்துவிட்டது.

காத்திருந்தேன். ஒழுங்கையில் பாண் விற்கிறவனுடைய ஓட்டோ பாட்டைப் போட்டுக்கொண்டு வந்தது. அது வந்து, படலையடியில் நின்று, யாரும் வராததால் போய்விட்டது. அதுவரைக்கும் காத்திருந்தேன். அத்திவாரம் இல்லை. நான் என்னுடைய இடத்திலிருந்து தொடங்கினால் வெறும் கொலையும் புதைகுழியும்தான் அவள் காதுக்குள் போகும். குனிந்தேன்.

"இது உம்மடை வரி," என்று அவளுடைய வலது காதுக்குள் சொன்னேன். "என்ரை இல்லை. நீர் நேற்றுச் சொன்னதை எடுத்துச் சொல்லுறன். இதிலை பொய் இல்லை."

சொன்னேன். அவளைப் போலவே, வானத்தையும் என்று நிறுத்தி, பூமியையும் என்று நிறுத்தி, விசுவசிக்கிறேன் என்று முடித்தேன். மிச்சத்தையும் சொன்னேன். மூன்று தரம். நிமிர்ந்தபோது அவள் போயிருந்தாள். எந்தத் தரத்தில் போனாள் என்று எனக்குத் தெரியவில்லை. நான் சொன்னதை ஏற்றுக்கொண்டாளா, பொய் என்று நினைத்தாளா, அதுவும் தெரியவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அந்த முதல் வரிக்கு வாயைத் திறக்கிறேன். சத்தமாகவே சொல்லுகிறேன். சுவாமியார் கண்டுவிட்டு, பூசை முடிய வந்து என் இரண்டு கையையும் பிடித்துச் சந்தோசப்பட்டார். அவருக்கு நான் விளக்கம் சொல்லவில்லை. நான் இன்னும் ஆள் இல்லாத வீட்டுப் படலையில்தான் நிற்கிறேன், ஒரு காலடிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. முன்பென்றால் திரும்பி நடந்திருப்பேன். இப்போது திரும்ப முடியாது. உள்ளே ஒருவரும் இல்லை என்றால் அவள் போய்ச் சேர இடமே இல்லை. அதனால்தான் கூப்பிட்டுக்கொண்டு நிற்கிறேன்.