நல்லெண்ணத்தில் பிடித்த சரக்கு

காலணிக்குள் முகத்தைப் புதைத்துக் கண்ணை மூடிக்கொள்வார் வெதூரியா. கான்ஸ்டன்ட்ஸா துறைமுகச் சுங்க அலுவலகத்தில் அவருக்கு எதிர்மேசையில் உட்கார்ந்து ஆறு வருடமாக இதைப் பார்க்கிறேன். "தையலு, சீட்டு, பெட்டி எல்லாத்தையும் போலிக்காரன் அப்படியே செஞ்சிடுவான். பசையிலதான் மாட்டுவான்," என்பார்.

பிடிபட்ட காலணிகள் அறை முழுக்க அடுக்கியிருக்கும். ஆகஸ்ட் வெயிலிலும் ஜன்னலைத் திறக்க விடமாட்டார்.

"குறுக்குக் காத்து அடிச்சா எனக்குக் கழுத்து பிடிச்சுக்கும். உனக்கென்ன, சின்னப்பய!"

"இந்த நாத்தத்துல எது எந்தப் பசைன்னு எப்படி மேடம் தெரியும்?"

"மூக்குன்னு ஒண்ணு இருந்தா தெரியும்."

சென்ற ஆகஸ்ட் கடைசியில் அங்கேலின் சரக்கு வந்தது. மெஜிதியா என்ற சிறு ஊரில் சின்னக் கடை வைத்திருப்பவர். ஒரு பெரிய நிறுவனத்தின் பெயர் பொறித்த நானூறு ஜோடிப் பள்ளிக் காலணிகள். வெதூரியா ஒன்றை முகர்ந்தார். "போலி." பெயருக்குச் சொந்தக்காரர்கள் பதில் சொல்லப் பத்து வேலைநாள் அவகாசம். தடுப்பு உத்தரவைத் தட்டச்சு செய்தவன் நான்தான். காகிதங்கள் சரியாக இருப்பதைப் பார்த்தேன், வாயைத் திறக்கவில்லை. எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவன் நான். எதற்குப் போனேன் என்று இன்னும் தெரியவில்லை.

அங்கேல் ஒருநாள் விட்டு ஒருநாள் பேருந்தேறி வந்தார். "பள்ளிக்கூடம் தொறந்தப்புறம் யாரு மேடம் வாங்குவா? புள்ளைங்க செருப்புலயா நான் திருட்டுத்தனம் பண்ணுவேன்?"

"எங்கிட்ட அழுது பிரயோஜனமில்ல. கம்பெனி வக்கீல் எழுதணும்."

வக்கீல் விடுமுறையில் இருந்தார். பள்ளி திறந்து இரண்டு நாள் கழித்து, பத்தாம் நாள் மாலை, ஒரே வரி வந்தது: பசையை மாற்றியிருக்கிறோம், சரக்கு அசல்.

"மன்னிப்பு கேட்டுடுங்க மேடம்," என்றேன்.

"எதுக்கு? நல்லெண்ணத்தோட செஞ்சா அதிகாரி மேல பொறுப்பு கிடையாதுன்னு உலக வர்த்தக ஒப்பந்தத்துலயே இருக்கு. படிச்சவன்தானே நீ?"

படித்திருக்கிறேன். பொறுப்பிலிருந்து விலக்கு தரலாம் என்றுதான் இருக்கிறது. வருத்தம் தெரிவிக்கக் கூடாது என்று எந்தப் பிரிவிலும் இல்லை. சொல்லிப் பார்த்தேன். கொட்டாவி விட்டார்.

மறுநாள் அங்கேல் சரக்கை எடுக்க வந்தார். விடுவிப்புத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு நின்றார்.

"ஊர்ல என்னைப் போலிக்காரன்னே கூப்பிடுறாங்க மேடம். செருப்பு கிடக்கட்டும். தப்பு உங்க மேலதான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் போய் நாலு பேர்கிட்ட சொல்லிக்கிறேன்."

வெதூரியா தாளை மேலிருந்து கீழ்வரை படித்தார். பிறகு அதை அங்கேல் பக்கமே திருப்பி நகர்த்தி, தேதி எழுத விட்டுப்போன கட்டத்தை விரலால் தட்டினார்.