ரெட் ஆக்சைடு மேலங்கி

குதிரை வேலியைத் தாண்டிவிட்டது. அதன் மேலிருந்த துரை தாண்டவில்லை. தலைகுப்புறச் சகதியில் கிடக்கிறார், தொப்பி தனியே மிதக்கிறது. வேட்டை நாய்கள் ஒன்றன்மேல் ஒன்று இடறி விழுவதைப் புதருக்குள்ளிருந்து நிதானமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது நரி. இங்கிலாந்தில் செம்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட அந்தப் பழைய கேலிப்படம், காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிக்கு மேலே மாட்டியிருந்தது.

துறைமுகத்தருகே ஒரு கப்பல் கம்பெனியின் பழைய கட்டடத்தை இடித்தபோது குப்பையில் கிடந்ததை அத்தை எடுத்துவந்தார். அப்பாவின் அக்காவான அவர் கன்டெய்னர் யார்டில் பெயின்டர். துருவைச் சுரண்டி, மீண்டும் துரு பிடிக்காதிருக்கச் செந்நிற ரெட் ஆக்சைடு பூசி, எழுத்து வெட்டிய தகரத் தகடுகளை வைத்து எண்ணும் பெயரும் எழுதுவது அவர் வேலை. சாமி படம் இருக்கவேண்டிய இடத்தில் இது என்ன என்று பக்கத்து வீட்டுப் பெண் ஒருமுறை கேட்டார். "நரியப் பாரு, இன்னா கெத்தா குந்திகினு கீது. அது வூட்டாண்ட வந்து இவன் குதிர வுட்டா, வுழாம இன்னா பண்ணுவான்?" என்றார் அத்தை.

ஒரு மழையில் கூரை ஒழுகி, துரையின் சிவப்பு மேலங்கி வெளுத்துப்போனது. அத்தை யார்டிலிருந்து கொட்டாங்குச்சியில் கொஞ்சம் ரெட் ஆக்சைடு கொண்டுவந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பூசினார்.

"இன்னாக்கா, தொரைய கன்டெய்னர் ஆக்கிட்ட?" என்றார் அப்பா.

"துரு புடிக்க மாட்டான், போடா."

அத்தை இறந்து இரண்டு ஆண்டுகளாகின்றன. இந்த ஆண்டு எங்கள் கல்லூரியில் பழைய அச்சுப்படக் கண்காட்சி வைத்தார்கள். படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பேராசிரியர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு படச் சட்டத்தின் கண்ணாடியைக் கழற்றி மேலங்கியைத் தொட்டார். "யாரோ கெடுத்துவெச்சிருக்காங்கம்மா. சுரண்டி எடுத்துடலாம். அதுதான் வரைஞ்சவருக்கு நியாயம்."

ஒரு நாள் அவகாசம் கேட்டேன். நூலகத்தில் அமர்ந்து இத்தகைய படங்களைப் பற்றிப் படித்தேன். இடக்கீழ் மூலையில் வரைந்தவர் பெயர், வலக்கீழ் மூலையில் செதுக்கியவர் பெயர். நிறமோ அச்சில் வந்ததன்று. வரிசையாக அமர்ந்த பெண்களும் சிறுவர்களும் தாள்தாளாகக் கையால் பூசியது. ஒருவருக்குச் சிவப்பு, அடுத்தவருக்குப் பச்சை. அவர்களுக்கு எந்த மூலையும் ஒதுக்கப்படவில்லை. பூதக்கண்ணாடியில் பார்த்தபோது நரியின் வாலருகே பழைய பழுப்பு நிறம் வரம்பு மீறி வழிந்திருந்தது. அத்தையின் சிவப்பும் துரையின் முழங்கையில் அப்படித்தான் வழிந்திருந்தது.

"சுரண்ட வேணாம், சார். இந்தப் படத்துக்கு வண்ணம் பூசினவங்கள்ல கடைசி ஆள் எங்க அத்தை."

"அப்படின்னா மாட்ட முடியாதும்மா."

"சரி, சார். எடுத்துட்டுப் போறேன்."

வகுப்பில் பதில் தெரிந்தாலும் எழுந்து சொல்லத் தயங்குகிறவள் நான். அன்று தயங்கவில்லை. படத்தை அத்தையின் புடவையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் வீடு திரும்பினேன்.

இப்போது அது மீண்டும் தொலைக்காட்சிக்கு மேலே இருக்கிறது. அந்த இரண்டு பெயர்களுக்கும் நடுவே, சட்டத்தின் கீழ்க்கட்டையில், அத்தையின் தகரத் தகடுகளை வைத்து அவர் பெயரை ரெட் ஆக்சைடில் எழுதினேன். கடைசி எழுத்து சற்று வழிந்தது, துடைக்கவில்லை. நரி அதே இடத்தில் குந்தியிருக்கிறது. துரை சகதியில்தான் கிடக்கிறார், துரு பிடிக்காமல்.