வெள்ளைச் சுழிக்கு அடியில்

ஒரகடம் போகும் கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் வந்தவர் அவர். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். ஒல்லியான உடம்பு, கழுத்துவரை பட்டன் போட்ட யூனிபார்ம். விண்வெளி வீரர்கள் மேலேயிருந்து எடுத்த மேகப் படங்களைப் போனில் வைத்துக்கொண்டு, இரண்டு விரலால் விரித்து விரித்து, படம் கலங்கிப்போகும்வரை பெரிதாக்கிப் பார்ப்பார்.

"சாட்டிலைட் படம்தான் டிவியில வருதே, தம்பி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அது நேர் மேலருந்து எடுக்கது, அண்ணாச்சி. இது ஆளு ஜன்னல் வழியா சாய்ச்சு எடுக்கான். மேகத்தோட உசரம் தெரியும். ஆராய்ச்சிக்கு அது வேணும்லா?"

எனக்கு ஆராய்ச்சியா முக்கியம்? என் வீடு செம்பரம்பாக்கம் ஏரிக்குக் கீழே இருக்கிறது. மழை என்றாலே, ஏரியைத் திறந்துவிட்டால் தண்ணீர் உள்ளே வருமே என்று சாமான்களைப் பரணில் ஏற்றுவோம். எட்டாவதோடு நின்றவனுக்கு வானிலைச் செய்தியும் பாதிதான் புரியும். புயல் எச்சரிக்கை வந்த அன்று, போனில் எதையோ விரித்துத் தேடிக்கொண்டிருந்தவரைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னிக்கு எடுத்த படம் எதுனா கீதா, தம்பி? நம்ம ஏரி எங்கன்னு பாத்து சொல்லு."

பொறுமையாகத் தேடினார். "இந்தா, வெயில்ல மின்னுதுல்லா, அதான். மேகமே இல்ல."

"அப்பாடா, பொழைச்சோம்!" பஸ்ஸே திரும்பிப் பார்க்கக் கைதட்டினேன். "ஆமா, அந்த வெள்ளைச் சுழிக்கு அடியில எந்த ஊரு மாட்டிக்கினு கீது?"

"எங்க ஊருதான், அண்ணாச்சி. காலையிலருந்து அம்மா போன எடுக்கல."

அவர் முகத்தில் கோபமே இல்லை. மறுபடி அந்த வெள்ளையை விரிக்க ஆரம்பித்தார். தட்டிய கையை மடியில் போட்டுக்கொண்டேன். அடுத்த வாரம் அவருக்கு ஷிப்ட் மாறிவிட்டது; அம்மா பேசினாரா என்று கேட்க முடியாமலே போனது.

தன் ஊரைத் தேடிக்கொண்டிருந்த விரலை நிறுத்தி, என் ஏரியை அல்லவா முதலில் தேடிக் கொடுத்தார்.