வெள்ளைப் பூ வந்தால் போகலாம்

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. நாலே நாளில் போய்விட்டது. ஆனால் போகிற போக்கில் என் இடது கண்ணை மூக்குப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போயிற்று. அதன் பிறகு எனக்கு எல்லாமே இரண்டாகத் தெரிந்தன. நல்லம்பள்ளி போகும் டவுன் பஸ் இரண்டு, கரும்பலகை இரண்டு, தக்காளித் தோட்டத்தில் நிற்கும் அப்பாவும் இரண்டு பேர். முதல் இரண்டு நாள் இதை ஒரு வித்தை என்றே நினைத்து யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் இல்லாத படியில் கால் வைத்து விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

மாறுகண் வீட்டுக்கு அதிர்ஷ்டம் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். தன் மகளை என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டாம் என்று சொல்லி வைத்ததும் அதே அக்காதான். அதிர்ஷ்டம் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்தாரோ என்னவோ.

தருமபுரியில் கண் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். “கண்ணுல ஒண்ணும் இல்லீங்க. கண்ணை இழுத்துப் புடிக்கிற நரம்புலதான் கோளாறு. எதனாலன்னு தலையை ஸ்கேன் எடுத்தாத்தான் சொல்ல முடியும்” என்றார். சேலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே மூன்று வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமைக்குத் தேதி கிடைத்தது. அதுவரை ஒருநாள் இடது கண், மறுநாள் வலது கண் என்று மாற்றி மாற்றி மறைக்கச் சொன்னார்கள். அம்மா பழைய ரவிக்கைத் துணியில் ஒரு மறைப்புத் தைத்து, எலாஸ்டிக் கோத்து மாட்டிவிட்டாள்.

பள்ளியில் என் பெயர் ஒன்றரைக்கண்ணாக மாறியது. பாண்டி ஆட்டத்தில் நான் எறியும் சில்லு பக்கத்துக் கட்டத்தில் போய் விழுந்ததால் யாரும் என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை. மதிய வேளைகளில் சுவரோரம் உட்கார்ந்து, மறைப்பை இந்தக் கண்ணுக்கும் அந்தக் கண்ணுக்கும் மாற்றி எதிரே நின்ற புளியமரத்தைக் குதிக்க வைத்துக்கொண்டிருப்பேன். வீட்டிலும் நான் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றுவிடும். ஒருமுறை அப்பா போனில் ‘கட்டி’ என்று யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. கட்டி என்றால் எனக்குத் தொடையில் வந்ததுதான் தெரியும். தலைக்குள் மஞ்சள் பத்து எப்படிப் போடுவார்கள் என்று யோசித்தேன். கேட்க ஆள் இல்லை. அவ்வளவு தனியாக நான் அதற்கு முன் இருந்ததில்லை.

தேதிக்கு நான்கு நாள் இருக்கும்போது பென்னாகரத்திலிருந்து அத்தை வந்தார். அப்பாவுக்கு மூத்தவர். அவர் சொல்லை அப்பா தட்டிய சரித்திரம் இல்லை.

“தலைக்குள்ள கரண்ட் வுட்டுப் பாக்கறாங்களாம். பச்சப் புள்ள தாங்குமா? ஆத்தாகிட்ட ஒரு வார்த்த கேட்டியாடா தம்பி?” என்றார்.

அப்பாவுக்கும் உள்ளூரப் பயம்தான். ஸ்கேனைப் பார்த்து அல்ல, அது என்ன சொல்லுமோ என்று. தள்ளிப்போட ஒரு சாக்கு கிடைத்ததும் சரி என்றுவிட்டார். அம்மா மட்டும், “டாக்டர் சொன்னதுக்கப்புறம் எதுக்குங்க அண்ணி?” என்றாள். அவள் பேச்சு எடுபடவில்லை.

எங்கள் பக்கத்தில் முடிவு தெரியாத காரியம் எதற்கும் சாமியிடம் பூக் கேட்பார்கள். ஓர் இலையில் வெள்ளை அரளி, இன்னொன்றில் சிவப்பு அரளி வைத்துப் பொட்டலமாக மடித்து அம்மன் காலடியில் வைப்பார்கள். ஒரு குழந்தை ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் சேலம் போகலாம், சிவப்பு வந்தால் வீட்டோடு இருக்க வேண்டும் என்று பேச்சு. பொட்டலத்தைப் பிள்ளையைப் பெற்றவளே மடிக்கட்டும் என்று சொன்னதும் அத்தைதான். எடுக்க வேண்டிய குழந்தையாக என்னையே நிறுத்தினார்கள். இரண்டில் ஒன்றை எடுக்க, எதையும் இரண்டாகப் பார்க்கிறவளை நிறுத்துகிறோமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கோயிலுக்குப் போனோம். பூசாரி பொட்டலங்களைத் தட்டில் குலுக்கி வைத்தார். “ஆத்தா முன்னால மூஞ்ச மறைக்கக் கூடாது சாமி” என்று அத்தை என் மறைப்பைக் கழற்றிவிட்டார். என் எதிரே நான்கு பொட்டலங்கள் இருந்தன. முதலில் கை வைத்தேன், வெறும் கல். மறுபடி வைத்தேன், தட்டின் விளிம்பு. ஆத்தா சோதிக்கிறாள் என்று அத்தை முணுமுணுத்தார். மூன்றாம் முறை ஒன்று கையில் அகப்பட்டது.

பூசாரி பிரித்தார். வெள்ளை.

அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். பூசாரி மற்றப் பொட்டலத்துக்குக் கை நீட்டுவதற்குள் அம்மா அதை எடுத்து முந்தானைக்குள் வைத்துவிட்டாள். “மிதிபடாம செடியோரம் போட்டுட்டு வரேனுங்க” என்று கோயில் பின்பக்கம் போனாள். நானும் பின்னாலேயே போனேன். அவள் என்னைக் கவனிக்கவில்லை. இலையைப் பிரித்துப் பூவைச் செடிக்குள் உதறினாள். எனக்கு அது இரண்டு பூவாகத் தெரிந்தது. இரண்டும் வெள்ளை.

அது சிவப்பாக இருந்திருக்க வேண்டிய பூ. சரிதான், கண்ணுக்கு இப்போது நிறமும் போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டேன். திங்கட்கிழமை வரை தோட்டத்தில் தக்காளி தக்காளியாகப் பார்த்துத் திரிந்தேன். எல்லாம் சிவப்பாகத்தான் இருந்தன. அது இன்னும் பயமாக இருந்தது. போய்ப்போய் வருகிற நோய் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சேலத்து டாக்டர் அன்பாகத்தான் கேட்டார். “வேற ஏதாச்சும் தொந்தரவு இருக்கா பாப்பா?”

“சில நேரம் சிவப்பு வெள்ளையாத் தெரியுதுங்க சார்.”

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மேஜையில் இருந்த சிவப்புப் பேனா மூடியைக் காட்டினார். சிவப்பு என்றேன். எப்போது அப்படித் தெரிந்தது என்றார். “கோயில்லங்க. அம்மா செடிகிட்டப் போட்ட சிவப்புப் பூவு.”

அப்பாவின் முகம் வெளுத்தது. “நீதான அந்தப் பக்கம் போன? என்ன பூவு அது? பாத்தியா?” என்று அம்மாவைக் கேட்டார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். ஆமாம், சிவப்புத்தான் என்று அவள் எனக்காக ஒரு வார்த்தை சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் சுவரில் தொங்கிய காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நான் கவனிக்கலீங்க” என்றாள். டாக்டர் ஏதோ எழுதிக்கொண்டார். அப்பா துண்டை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். சற்று நேரத்தில் என்னை ஸ்கேன் அறைக்குள் அழைத்துப் போனார்கள்.

கட்டி எதுவும் இல்லை. காய்ச்சலில் நரம்பு பலவீனப்பட்டிருக்கிறது, தானே சரியாகும் என்றார்கள். தைப்பொங்கலுக்குள் கண் நேரே வந்துவிட்டது. இரண்டு பொட்டலத்திலும் அம்மா வெள்ளைப் பூவையே வைத்து மடித்திருந்தாள் என்பது எனக்குத் தோன்றப் பல வருடங்கள் ஆயின. வெள்ளிக்கிழமை தவறாமல் விரதம் இருக்கிறவள் அவள். அந்த அறையில் உண்மையைச் சொல்லியிருந்தால், பூ செல்லாது என்று அப்பா அப்படியே என்னை வீட்டுக்குத் திருப்பி அழைத்துப் போயிருப்பார்.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், கேட்ட கேள்விக்கு அம்மா எனக்காக வாய் திறக்கவில்லை என்பதுதான். திரும்பும் பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று அடம்பிடித்து அப்பாவிடம் போய் உட்கார்ந்துகொண்டேன். அம்மா என்னைக் கூப்பிடவில்லை. தருமபுரி வரும் வரை முன் சீட்டில் தனியாக உட்கார்ந்து வந்தாள்.