அன்பிய நோட்டில் வெட்டிய பெயர்

குளச்சல் கடற்கரைப் புறம்போக்கில் குடியிருக்கும் மீன்காரி லீமா, அந்தத் தெருவின் கத்தோலிக்க ஜெபக்குழுவான அன்பியத்துக்குத் தலைவி. பட்டா கொடுக்கக் கணக்கெடுக்க வந்தவர்கள் குடும்பங்களின் பட்டியல் கேட்டபோது, அன்பிய நோட்டைப் பெருமையோடு எடுத்துக் கொடுத்தாள். அவர்களும் அதைப் பார்த்தே எழுதிக்கொண்டு போனார்கள்.

தெருவுக்கே பட்டா வந்தது, பக்கத்து வீட்டு அபினாவுக்கு மட்டும் வரவில்லை. அபினா பெந்தெகொஸ்தே சபைக்குப் போன வருத்தத்தில் அவள் பெயரை நோட்டில் வெட்டியவள் லீமாதான்.

“எக்கா, எனக்க வீட்ட மட்டும் எப்பிடி விட்டாங்க?”

“ஆபீஸ்காரனுவ செய்த வேல மக்கா.”

சொல்லிவிட்டாள். ஆனால் அன்று மாலை ஜெபமாலை சொல்லும்போது, பாவமன்னிப்புக் கேட்கும் வரியை மட்டும் விட்டுவிட்டு அடுத்த மணிக்குத் தாவினாள்.

மறுநாள் காலையில் நோட்டோடு அபினாவின் வாசலில் போய் நின்றாள். “ஒனக்க பேர வெட்டினது நாந்தான் ஏட்டி. தாலுகா ஆபீசுல வந்து சொல்லுதேன், வா.”

அபினா நோட்டை வாங்கித் தன் பெயர்மேல் கிழித்திருந்த கோட்டையே பார்த்தாள். “பேர வெட்டின பொறவும் எனக்க கெணத்துலதானே தெனமும் வெள்ளம் கோரினீங்க?”

 அபினா வீட்டைப் பூட்டினாள்.

“பஸ்சு போயிரும், வாங்க.”

அவள் முன்னால் நடந்தாள். சேர்ந்து நடக்கக் கூசி, லீமா பின்னாலேயே போனாள்.